கல்கிணற்றுச் சந்தின் ஒற்றை நூடுல்ஸ்

அநியாயம் நடந்தது பான் ஷுமெய்க்கு. அதை ஒரு ஆள் செய்யவில்லை, ஒரு சந்து முழுவதும் சேர்ந்து செய்தது; அதுவும் திட்டாமல், அடிக்காமல், வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்து, ‘எங்க தங்கமான மருமகள்’ என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே செய்தது. பெற்ற தாய் அரைநாள் பஸ் தூரத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்க, போய்ப் பார்க்க விடாமல் அவளை ஒரு மாவுத் தட்டின் முன்னால் நிறுத்திவைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால் மாமனாரின் உயிர் என்றார்கள். அது பொய்யும் இல்லை. அதனால்தான் அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

மாமனார் கூ தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாள் அன்று அது தொடங்கியது. வட சீனத்தின் அந்தப் பக்கத்து ஊர்களில் பெரியவர்களின் பிறந்தநாளுக்கு ஆயுள் நூடுல்ஸ் போடுவார்கள். கிண்ணம் நிறைய இருந்தாலும் அது ஒரே ஒரு நூடுல்ஸாக இருக்க வேண்டும், நடுவில் எங்கேயும் அறுபடக் கூடாது, சாப்பிடுகிறவரும் பல் படாமல் உறிஞ்சி உறிஞ்சியே உள்ளே இழுக்க வேண்டும். நூடுல்ஸ் எவ்வளவு நீளமோ ஆயுசும் அவ்வளவு நீளம். அன்றைக்கு ஷுமெய் விடியலில் எழுந்து மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, விரல் பருமனுக்கு உருட்டி, பெரிய தட்டில் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி வைத்து, ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, பிறகு நுனியைக் கிள்ளி எடுத்து இழுத்து இழுத்துக் கொதிக்கும் அண்டாவுக்குள் விட்டாள். அந்த நுனி வெந்து, கிண்ணத்துக்குப் போய், தாத்தாவின் வாய்க்குள் போனது. இந்த நுனி வரவே இல்லை. தட்டில் இருந்த மாவுச் சுற்று குறையவும் இல்லை. விருந்தாளிகள் மாவு நல்ல மாவு என்றார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டுவிட்டு, வாய் நிறைய வைத்திருந்த தாத்தாவை வாழ்த்திவிட்டு, ஏப்பம் விட்டபடி வீட்டுக்குப் போனார்கள். தாத்தா உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் உறிஞ்சினார். அதற்கடுத்த வாரம், வீட்டுக்குள் குளிர்கிறது, வெயில் வேண்டும் என்று கையால் காட்டினார், வாயால் சொல்ல வழியில்லையே. சந்தின் தலைமாட்டில் பழைய கல்கிணறு இருக்கிறது, அங்கே வெயில் நன்றாக விழும். அவருடைய மூங்கில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். ஷுமெய் நிற்கும் நூடுல்ஸ் கடையோ சந்தின் கால்மாட்டில் இருந்தது. நூடுல்ஸ் தரையில் பட்டால் ஆயுசுக்கு ஆகாது என்பதால் ஒவ்வொரு கடைக்காரரும் வாசலில் ஒரு கழி நட்டு அதைத் தாங்கிக்கொண்டார்கள். காற்றில் காய்ந்துவிடக் கூடாது என்பதால் ஆட்டுக்கறி சூப் கடையில் ஒரு முக்கு, மிளகாய் எண்ணெய்க் கடையில் ஒரு முக்கு, காடி என்கிற வினிகர்க் கடையில் ஒரு முக்கு என்று முக்கி எடுத்து மேலே அனுப்பினார்கள். அது முங்கி எழுந்த குழம்புக்கு ஒரு ருசி வந்தது. அந்த ருசியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்ததும் சந்து நிமிர்ந்தது. பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன, கூரைகள் மாறின, துணிக்கொடிகள் நூடுல்ஸுக்கு ஒரு முழம் மேலே உயர்த்திக் கட்டப்பட்டன, பட்டம் விடுவது தடைசெய்யப்பட்டது, சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு குனிந்து போகப் பழகினார்கள், கல்யாண ஊர்வலங்கள் சுற்று வழியாக வந்தாவது அதற்கு அடியில் நுழைந்து போயின. சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, உணவுச் சட்டத்தில் நீளத்தைப் பற்றி எதுவும் இல்லை என்று கண்டுபிடித்து, ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போனார்.

ஷுமெயின் கை தட்டில் இருக்கிறவரை நூடுல்ஸ் சணல்கயிறு பருமனுக்கு ஓடியது. கையை எடுத்தால் மெலிந்தது. முகம் கழுவிவிட்டு வரலாம், கழிப்பறைக்கு ஓடிவிட்டு வரலாம். கொஞ்சம் தாமதித்தால் அது நூல் பருமனாகி, மயிரிழை ஆகி, மேலே கிணற்றடியில் தாத்தாவின் உதடு நீலம் பாய ஆரம்பிக்கும். அப்படி ஒருமுறை ஆனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்தே தூங்கினாள், ஒரு கை தட்டில். புருஷன் தெற்கே செருப்புத் தொழிற்சாலையில் இருந்தான். ஃபோனில் கேட்டால், அண்ணன் சொல்கிறபடி செய் என்றான்.

அண்ணன் என்பது கூ தாஹாய், தாத்தாவின் மூத்த மகன். கடை வாசலில் அவனுடைய படம்தான் மாவைத் தூக்கிப் பிடித்தபடி ஆளுயரத்துக்கு நின்றது. ‘கூ தாஹாய் கை நூடுல்ஸ்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. வந்தவர்களிடம் அவன், “நான் இழுத்துத் தொடங்கிவச்சேன், தம்பி சம்சாரம் சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கா” என்பான். ஷுமெயும் மறுத்துப் பேசினதில்லை. அவளுக்கு வேறொரு கவலை. கோடையில் அவள் அம்மா சோளக்காட்டில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டாள். போய் வருகிறேன் என்று கேட்டபோது, தாத்தாவுக்கு இருமல், அது தணியட்டும் என்றார்கள். தணிந்தது. நிலாத் திருவிழா வருகிறது, கூட்டம் வரும், முடியட்டும் என்றார்கள். முடிந்தது. அக்டோபர் விடுமுறைதான் வருஷத்திலேயே பெரிய கூட்டம், அது மட்டும் ஓடட்டும் என்றார்கள்.

அந்த அக்டோபர் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் பவளக்கொடி வந்து இறங்கினாள். சிவகாசிப் பெண், ஷியான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிக்கிறவள். விடுதிச் சமையலில் நொந்துபோய்த் தெருவில் இறங்கியவள், அதற்குப் பிறகு விடுமுறை கிடைத்தால் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி ஏதோ ஒரு ஊரில் இறங்கி அந்த ஊர் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வருவதைத் தனிப் படிப்பாகவே வைத்துக்கொண்டாள். இடுப்பு வார் அகலத்துக்குப் பலகையில் அடித்து நீட்டும் நூடுல்ஸைப் பார்த்தபோது ஊர் வீச்சுப் பரோட்டா மாஸ்டர் ஞாபகம் வந்தது. மாவுக்கட்டியைத் தோளில் வைத்துக் கத்தியால் கொதிநீருக்குள் செதுக்கித் தள்ளுகிறவரிடம், இது நூடுல்ஸா இல்லை மரத்தச்சு வேலையா என்று கேட்டு அரைமணி நேரம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். சாப்பிடாத நேரத்தில் வாதம், வாதம் கிடைக்காத நேரத்தில் சாப்பாடு, அதுதான் அவள்.

கிணற்றடியில் அவள் கூ தாத்தாவைப் பார்த்தாள். நல்ல கெட்டியான கம்பளிக் கோட்டுக்குள் சின்ன உடம்பு, கண்ணில் மட்டும் குளத்து மீன் மாதிரி ஒரு துள்ளல். உதட்டு நடுவில் நூடுல்ஸ் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. பவளம் கும்பிட்டாள். அவர் உறிஞ்சுவதை நிறுத்தாமல் புருவத்தால் வரவேற்று, சாப்பிடு சாப்பிடு என்று கீழ்ப்பக்கம் கை காட்டினார்.

அவள் நூடுல்ஸைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள், கையால் இல்லை, கண்ணால். ஆட்டுக்கறி சூப் கடையில் கெட்டி ரொட்டியைக் கையில் கொடுத்து நீயே கிள்ளிப் போட்டுக்கொள் என்றார்கள். கிள்ளிக் கிள்ளி விரல் வலித்த பிறகு அதன்மேல் குழம்பை ஊற்றினார்கள், ஜீரக வாசனையில் கண் சொருகியது. அடுத்த கடையில் அரிசிமாவை ஆவியில் அவித்துத் தோல் மாதிரி உரித்து, நறுக்கி, வெள்ளரியும் காடியும் மிளகாய் எண்ணெயும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தார்கள். மூக்கில் நீர் வடியத் தின்றாள். அதற்கும் அடுத்த கடையில் கறியைக் கொத்தி ரொட்டிக்குள் திணித்துக் கொடுத்தார்கள். எல்லாக் கடையிலும் தலைக்கு மேலே அந்த ஒற்றை நூடுல்ஸ் அண்டாவுக்குள் முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட மேலே போய்க்கொண்டிருந்தது. இவள் சாப்பிட்டுக்கொண்டே கீழே வந்து, கடைசிக் கடையில் மாவுத் தட்டையும் அதன்மேல் இருந்த கையையும் அந்தக் கைக்குரியவளையும் பார்த்தாள். ஷுமெயின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கண்ணைச் சுற்றிச் சாம்பல் பூத்திருந்தது.

கையில் சூப் கிண்ணத்தோடு நின்றிருந்த பவளத்துக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. திரும்பிச் சந்தின் தலைமாட்டைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள்.

“ஐயையோ, அப்ப இதெல்லாம் அந்தத் தாத்தா எச்சிலா?”

தமிழில்தான் சொன்னாள். ஆனால் அடுத்த மேஜைக்கு அரிசித்தோல் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த சுன் அத்தை விடவில்லை. சுன் அத்தைதான் அந்தச் சந்தின் குடியிருப்போர் குழுத் தலைவி, கையில் சிவப்புப் பட்டை கட்டியவள். அந்நிய மொழியில் ஒரு வார்த்தை விழுந்தால் அது என்ன என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

“என்னம்மா சொன்னே? எங்க மொழியில சொல்லு.”

“ஒண்ணுமில்லை அத்தை.”

“ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?”

அந்த அர்த்தத்தில் எச்சிலுக்குச் சீனத்தில் வார்த்தை இல்லை. எச்சில், தீட்டு என்று சொன்னதற்காகச் சொந்த அம்மாவோடு எத்தனையோ தடவை சண்டை போட்டு, இதெல்லாம் ஆளை ஆள் தள்ளிவைக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று கல்லூரி மேடையில் கைதட்டல் வாங்கியவள் பவளம். அவள் வாயிலிருந்தே அது வந்து விழுந்ததில் அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கவும் அவளுக்குத் தெரியாது.

“எங்க ஊர்ல, ஒருத்தர் வாய் பட்ட பண்டம் மத்தவங்களுக்கு ஆகாதும்பாங்க. நான் அதை நம்பறவ இல்லை. சும்மா, பழக்கதோஷத்துல வந்துடுச்சு.”

“நூடுல்ஸ் அவர் வாய்க்குள்ள போகுது, வாயிலேர்ந்து வரலையே! மேல இருக்கிற வாய் கீழ இருக்கிற குழம்பை எப்படித் தொடும்?”

“அதுக்கு அப்படிக் கணக்கில்லை அத்தை. ஒரு நுனி வாயில இருந்தா, மறு நுனி எங்க இருந்தாலும் அதுவும் வாய் பட்டதுதான். எங்கம்மாகிட்ட கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க.”

சொல்லி முடித்ததும்தான் சுற்றியிருந்த மேஜைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் புருஷன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். பக்கத்து மேஜையில் ஒருத்தி இதைத் தன் தோழிக்கு ஃபோனில் சொல்ல ஆரம்பித்தாள். கிண்ணங்கள் கீழேயிருந்து மேலே ஒவ்வொரு கடையாகத் தள்ளிவைக்கப்பட்டுக்கொண்டே போக, ஒவ்வொரு கடைக்காரரும் வாசலுக்கு வந்து கீழ்ப்பக்கம் பார்த்தார்கள். உள்ளேயிருந்து தாஹாய் வந்தான். வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி அவன் கையிலேயே இருந்தது.

“நல்லா சாப்பிட்டியா தங்கச்சி?”

“சாப்பிட்டேன் அண்ணா. ருசியா இருந்தது.”

“அதை நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி சொல்லு. நாற்காலி மேல ஏறி நின்னு சொல்லு. எங்க ஊர் மூடநம்பிக்கையை இங்க கொண்டுவந்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு அப்புறம் கிளம்பு.”

வேறு நேரமாக இருந்தால் பவளமே அதைத்தான் சொல்லியிருப்பாள். தப்பு அவள் மேல், நியாயம் அவன் பக்கம். கூட்டம் நெருங்கி வந்து நின்றது, திரும்பிப் போக வழி இல்லை. சொல்லிவிடலாம் என்று அவள் நாற்காலியில் கை வைத்தபோது, தட்டுக்குப் பின்னாலிருந்து ஷுமெய் பேசினாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

“நீளம் ஆக ஆக அது குறையாதா?”

“எது அக்கா?”

“நீ சொன்னது. வாய் பட்டது. இந்த நூடுல்ஸ் இன்னும் பத்து மடங்கு நீளமா இருந்தா?”

“குறையாது. ஒரே துண்டா இருக்கிற வரைக்கும் எவ்வளவு தூரமானாலும் அப்படியேதான்.”

“ஊருக்கு வெளியே போனாலும்?”

“போனாலும்தான் அக்கா. ஆனா அதெல்லாம் சும்மா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

ஷுமெய் தன் கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “அப்ப, வாய் பட்டது இந்த நுனி வரைக்கும் வரும்னா,” என்று மெல்ல, தனக்குத்தானே கணக்குப் பார்க்கிறவள் மாதிரி சொன்னாள், “கை பட்டதும் அந்த நுனி வரைக்கும் போகும்தானே.”

அவளுடைய ஃபோன் காலையிலிருந்து மாவுப்பொடிக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நேற்றிலிருந்து அம்மா வாயில் எதுவும் வாங்கவில்லை, கண்ணை மட்டும் வாசல் பக்கம் வைத்திருக்கிறாள் என்ற செய்தி. ஷுமெய் அதைத் தாஹாயிடம் காலையிலேயே காட்டியிருந்தாள். அவன் படித்துவிட்டு, விடுமுறை முடிய இன்னும் கொஞ்சம்தானே இருக்கு என்றிருந்தான்.

ஷுமெய் தட்டைத் தூக்கினாள்.

அது யாருக்கும் தோன்றாத காரியம். அந்தத் தட்டு மேஜையோடு முளைத்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள் போல. இடது கையால் இடுப்பில் அணைத்து, வலது கை மாவின்மேல் இருக்க, தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிறவள் மாதிரி அவள் கடைக்கு வெளியே ஒரு அடி வைத்தாள். நூடுல்ஸ் அண்டாவுக்குள் அசைந்தது. சுன் அத்தை, “ஐயோ அப்பா!” என்று கத்தினாள். ஆட்டுக்கறிக் கடைக்காரர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார், அவருக்கு மேலே இருந்தவர் இன்னும் மேலே குரல் கொடுத்தார், கிணற்றடி வரைக்கும் கேள்வி ஏறிப்போய், அங்கிருந்து பதில் கடைகடையாக இறங்கி வந்தது. மூச்சு இருக்கு. இன்னொரு அடி. மூச்சு இருக்கு. உதடு? சிவப்பாத்தான் இருக்கு.

“எங்கே போறே?” என்றான் தாஹாய்.

“அம்மாவைப் பார்க்க.”

“பைத்தியமா உனக்கு? அப்பா உயிர் உன் கையில இருக்கு!”

“கையிலதான் அண்ணா இருக்கு. கையையும் எடுத்துக்கிட்டுத்தான் போறேன்.”

பவளத்துக்குப் பொறுக்கவில்லை. “அக்கா சொல்றதுல என்ன தப்பு? உயிர்தான் காரணம்னா உயிருக்கு ஒண்ணும் ஆகலை. வேற காரணம் இருந்தா அதைச் சொல்லுங்க. பலகையில உங்க பேர்தானே இருக்கு? உங்க கைதான் இழுத்துச்சுன்னா வந்து நீங்க பிடிங்க. அக்கா கைதான்னா அக்கா எங்க நின்னு இழுத்தா உங்களுக்கென்ன? ரெண்டுல ஒண்ணுதான் சொல்ல முடியும் அண்ணா, ரெண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது. எந்த ஊர்ல…”

“தங்கச்சி.” ஷுமெய் திரும்பவில்லை. “உன் பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கும் வாய் இருக்கு. நீ அந்தக் கழியைப் பிடி.”

பவளம் வாயை மூடிக்கொண்டு கழியை எடுத்தாள். அதற்கு முன்னால் எந்த வாதத்தையும் அவள் பாதியில் விட்டதில்லை.

சந்தின் வாசலில், பஸ் போகும் சாலைக்குப் பத்தடி இருக்கும்போது, தாஹாய் குறுக்கே வந்து நின்றான். பின்னால் கடைக்காரர்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. கூரை மாற்றக் கடன் வாங்கியவர்கள், பிள்ளைகளைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பியவர்கள், ஷுமெய் உட்கார்ந்து தூங்கும்போது தோளில் போர்வை போட்டுவிட்டவர்கள். “இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா” என்றாள் சுன் அத்தை, கெஞ்சுகிற குரலில். “இந்தக் கூட்டம் மட்டும் போகட்டும், நானே கூட வந்து உன்னை விட்டுட்டு வர்றேன். நீ போனா ஜனம் உன் பின்னாடி வந்துடும். இங்க யார் வருவா?”

“அத்தை, எங்கம்மா வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.”

“எல்லா அம்மாவும்தான் பார்க்கிறாங்க!” என்று வெடித்தான் தாஹாய். முகம் சிவந்துவிட்டது. அவன் கையிலிருந்த கத்தி மேலே எழும்பி, தலைக்கு மேல் ஓடிய நூடுல்ஸுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. “இந்தச் சந்தைவிட்டு இது வெளியே போச்சுன்னா, நானே அறுத்துடறேன்! யாருக்கும் வேணாம்! அறுத்துடறேன், பார்!”

படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஃபோனைத் தாழ்த்தினார்கள். மாதக்கணக்காக எல்லோரும் தினமும் சொல்லிவந்த காரணம், அதைச் சொல்லிக்கொடுத்தவன் கையிலேயே கத்தியாகி நின்றது. ஷுமெய் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்தாள். அவள் நகரவும் இல்லை, தட்டை இறக்கவும் இல்லை.

அப்போது நூடுல்ஸ் விறைத்தது.

மேலே, கிணற்றடியில், தாத்தாவின் காது நல்ல காதுதான், வாய்தானே வேலையாக இருந்தது. மகனுடைய குரல் சந்து வழியாக ஏறிப்போய் அவரை எட்டியிருக்க வேண்டும். அவர் கன்னம் ஒட்ட ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கழிகளும் நெளிந்தன, எல்லா அண்டாக்களும் தளும்பின, நூடுல்ஸ் வீணைத் தந்தி மாதிரி விம்மி, கத்தி முனையிலிருந்து துள்ளி விலகி, தாஹாயின் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தது. மிளகாய் எண்ணெயும் காடியும் ஆட்டுக்கறிக் குழம்பும் அவன் முகத்தில் வழிந்தன. கத்தி கீழே விழுந்தது. தாத்தா நல்லவரோ கெட்டவரோ, மருமகளுக்காகச் செய்தாரோ தனக்காகச் செய்தாரோ, அதைப் பற்றி அந்தச் சந்து இன்றைக்கும் பேசி முடிக்கவில்லை. அவருக்கு உயிரோடு இருக்க ஆசை இருந்தது, சந்து இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்ற எண்ணமும் இருந்தது, அவ்வளவு நிச்சயம்.

ஆட்டுக்கறிக் கடைக்காரர் முதலில் விலகி வழிவிட்டார்.

பஸ் ஓட்டுநர் தட்டைப் பார்த்தார், வாசல் வழியாக உள்ளே வந்த நூடுல்ஸைப் பார்த்தார், கதவைத் திறந்தபடியே விட்டு வாசலோர சீட்டில் உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். பவளம் பக்கத்தில் உட்கார்ந்து வாசலுக்கு வெளியே கழியை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஓடியது, தட்டிலிருந்து நூடுல்ஸ் ஓடியது, பின்னால் சாலையோரத்தில் சோளக்கதிர் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அது தரையில் பட இருந்ததைப் பார்த்து ஓடிவந்து வைக்கோல் வாரியால் தூக்கிப் பிடித்தார்கள், ஆப்பிள் தோட்டக்காரர்கள் ஏணிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், சுங்கச்சாவடியில் இது வண்டியோடு சேர்ந்ததா தனியா என்று கொஞ்சநேரம் தர்க்கம் நடந்து, கம்பியைத் தூக்கியபடியே விட்டுவைக்கலாம் என்று முடிவானது. ஒரு ஊரில் பாட்டிமார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். காய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க் குழம்பில் முக்கினார்கள். கடுகுக்கீரைக் குழம்பு, தக்காளி முட்டைக் குழம்பு, எலும்புக் குழம்பு. கல்கிணற்றுச் சந்தில் தாத்தாவுக்கு அன்றைக்கு ருசி மாறி மாறி வந்ததாம்.

ஷுமெய் தட்டை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு மேடு ஏறும்போதும் நூடுல்ஸ் மெலிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஃபோனைப் பார்த்தாள். இரண்டு பெரியவர்களின் உயிரும் அவளுக்கு இரண்டு பக்கத்தில் இருந்தன, எதைப் பற்றிக் கெட்ட செய்தி முதலில் வரும் என்று காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பவளத்துக்குக் கை கடுத்தது, கழியை மாற்றிப் பிடித்தாள், எதுவும் பேசவில்லை. அது அவளுக்குச் சுலபமாகவும் இல்லை.

மலைச்சரிவில் மண்வீடு. வெயில் இன்னும் முற்றத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, “இருக்காங்க, இருக்காங்க” என்றாள். ஷுமெய் தட்டோடு உள்ளே போனாள், நூடுல்ஸ் அவள் பின்னால் வாசல்படி தாண்டி உள்ளே போனது. அடுப்போடு சேர்த்துக் கட்டிய சூட்டுக் கட்டிலில் அந்த அம்மாள் சுருங்கிப்போய்க் கிடந்தாள். கண் திறந்திருந்தது. மகளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், வாசல்வழி மலையிறங்கிப் போகும் நூடுல்ஸைப் பார்த்தாள்.

“யாருக்கு அது?” குரல் காற்று மாதிரி வந்தது.

“மாமனாருக்கும்மா.”

“பிறந்தநாள் வசந்தகாலத்துலயே முடிஞ்சுபோச்சேடி.” அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இன்னுமா சாப்பிடறார் மனுஷன்?”

ஷுமெய் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது, துடைக்கக் கை இல்லை. ஒன்று தட்டில் இருந்தது, இன்னொன்று அம்மாவின் நெற்றியில் இருந்தது. பவளம் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். அம்மாள் ஒரு வாய் வாங்கினாள். பிறகு இன்னொரு வாய் வாங்கினாள்.

அப்போது ஃபோன் அடித்தது. தாஹாய். பவளம் ஸ்பீக்கரில் போட்டு ஷுமெயின் பக்கத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் சந்து முழுவதும் கூடி நிற்பது மூச்சிலேயே தெரிந்தது. யாரோ இருமினார்கள். தூரத்தில் தாத்தா நிதானமாக உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுன் அத்தை, “கோபப்படாம கேளு, கோபப்படாம கேளு” என்று பின்னால் முணுமுணுத்தாள். தாஹாய் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“அப்பா நல்லா இருக்கார்.”

“சரி அண்ணா.”

“உங்கம்மா?”

“கஞ்சி குடிக்கிறாங்க.”

அப்புறம் அவன் கேட்டான், மிரட்டலும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் உண்மையாகவே ஒன்றைக் கேட்கிறவன் மாதிரி. “நீ எப்ப திரும்பி வருவே ஷுமெய்?”

பவளத்தின் நாக்கில் பதில்கள் முண்டியடித்தன. அவள் அதைக் கடித்துக்கொண்டாள். ஷுமெய் அம்மாவின் உதட்டோரக் கஞ்சியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, தட்டிலிருந்த மாவுச் சுற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, ஃபோன் பக்கம் குனிந்தாள்.

“இந்த நூடுல்ஸ் முடியட்டும் அண்ணா. முடிஞ்ச மறுநாளே வந்துடறேன்.”